குலம் அறியாத நற்குணம்: அறிவியல் புனைகதையின் நல்லோரும் நம் மதிப்பும்

கதையில் வரும் நல்லவன் சுவையற்றவன் என்பது திறனாய்வாளரிடையே நெடுநாளாக நிலவிவரும் எண்ணமாகும். தீயவனுக்கே வேகம் உண்டு, சூழ்ச்சி உண்டு, நாவன்மை உண்டு. நல்லவனோ இறுதி அத்தியாயம்வரை பொறுத்திருந்து மாலையைப் பெற்றுக்கொள்பவன் என்பர். மில்டனின் காவியத்தில் சாத்தானே உயிர்த்துடிப்புள்ள பாத்திரம் என்று சொல்லப்பட்டு வருவதை இறையியல் மாணவர் பலரும் கேட்டிருப்பர். இவ்வெண்ணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அறிவியல் புனைகதை என்னும் இலக்கிய வகையை நோக்குமிடத்து இது முற்றும் பொருந்துவதாகத் தெரியவில்லை. அங்கே வாசகர் நெஞ்சில் ஆண்டுகள் பல கடந்தும் தங்கிவிடுவோர் நல்லோரே. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இரவில் யாரும் அறியாமல் விறகு பொறுக்கிவைத்த விகாரமான உருவம். புத்தகம் படிக்கும் இயந்திர நாய். நீதிமன்றத்தின் ஆணைக்குப் பணிந்து தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைத்த இயந்திரமனிதன். இவர்களை மக்கள் ஏன் மதிக்கின்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் மிகுந்த காலத்தில், நாளைய உலகிலும் நன்மை எஞ்சியிருக்கும் என்னும் ஆறுதலை மக்கள் நாடுகின்றனர் என்பது ஒன்று. ஆறுதல்தான் வேண்டுமெனின் எல்லாம் செம்மையாக அமைந்த பொன்னுலகக் கதைகளே மிகுதியாக விரும்பப்பட்டிருக்க வேண்டும்; அவையோ பெரும்பாலும் படிக்கப்படாமல் கிடக்கின்றன. மற்றொரு விடை, இது வெறும் நாயக வழிபாடு என்பது. தமிழ்த் திரையுலகைப் பொறுத்தமட்டில் இவ்விடைக்கு வலு உண்டு. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ என்னும் படத்தில், வேற்றுக் கோளத்தார் தம் உலகில் கலை இல்லாமையால் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர்; அவளை மீட்க எம்.ஜி.ஆர். விண்கலம் ஏறுகிறார். அவர் நல்லவர் என்பதைப் பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்குமுன்பே அறிவர். விண்வெளியில் சென்றாலும் வயல்வெளியில் நின்றாலும் அந்த நற்குணம் அவரோடு கூடவே வருவது. அங்கே எதுவும் சோதனைக்கு உள்ளாகவில்லை. ஆகவே அப்படத்தை நம் ஆய்வுக்கு உதவாது என்று விட்டுவிடலாம்.

நம் வினாவுக்கு ஏற்ற இடம், 2010ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்த ஷங்கரின் ‘எந்திரன்’ ஆகும். விஞ்ஞானி வசீகரன் படைத்த சிட்டி என்னும் இயந்திரமனிதனின் கதை அது. படைத்தவன், படைக்கப்பட்டது ஆகிய இரு வேடங்களையும் ரஜினிகாந்தே ஏற்றார். இப்படத்தின் பிற்பகுதியில் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டுத் தீயதாகிவிட்ட சிட்டி, ஆட்டைப்போல் கத்திக் காட்டும் கட்டத்தில் திரையரங்குகளில் எழுந்த ஆரவாரம் பலருக்கும் நினைவிருக்கும். அப்படியானால் மக்கள் விரும்பியது தீயதைத்தானே என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் சீழ்க்கையொலி ஒன்று, மதிப்பு வேறொன்று. சிட்டி தன்னைத் தானே பிரித்துக்கொள்ளும் காட்சியில் சீழ்க்கைக்கு இடமே இல்லை. தீயவனின் திறமையை நாம் வேடிக்கை பார்க்கிறோம். அவனைப்போல் ஆகவேண்டும் என்று ஒருவரும் தம் பிள்ளைக்குச் சொல்வதில்லை. வேடிக்கையின் ஓசையை மட்டும் அளந்துவிட்டு, மக்களின் ஒழுக்க உணர்வு மழுங்கிவிட்டது என்று தீர்ப்புக் கூறும் பிரசங்கிகள் அந்த அமைதியையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அந்த அமைதி எங்கிருந்து வருவது? இக்கட்டுரை திருவண்ணாமலையிலிருந்து எழுதப்படுவதால், இவ்வூரைச் சூழ்ந்த பகுதியின் பழைய மரபு ஒன்றை முதலில் நோக்குவோம். செய்யாறு, ஆரணி, போளூர், செங்கம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும் காலத்தில் இரவு முழுவதும் தெருக்கூத்து நிகழும். செய்யாற்றை அடுத்த புரிசை, கூத்துக்கெனவே பெயர்பெற்ற ஊர். கண்ணப்பத் தம்பிரானின் புகழ் அங்கிருந்தே பரவியது. இக்கூத்துகளில் பெரிதும் விரும்பப்படுவது கர்ண மோட்சம். பாரத விழாவில் மட்டுமன்று, இறந்தோருக்குக் கருமாதி செய்யும் பதினாறாம் நாள் இரவிலும் இதனை ஆடச்செய்யும் வழக்கம் உண்டு. பாண்டவரின் வெற்றியை ஆடுவதற்கு எத்தனையோ கூத்துகள் இருக்க, தோற்று மடிந்த கர்ணனையே மக்கள் தம் வீட்டுத் துக்கத்திற்கு அழைத்துக்கொள்கின்றனர்.

கூத்தில் வரும் கர்ணனின் மனைவி பொன்னுருவி. தேரோட்டியின் மகன் என்று அவள் கணவனை இகழ்கிறாள். போருக்குப் புறப்படும் வேளையிலும் பிறப்பைப் பற்றிய பேச்சு அவனை விடுவதில்லை. சபையில் அவமானம், வீட்டில் அவமானம். இத்தனைக்கும் நடுவே அவன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கவச குண்டலங்களை அறுத்துக் கொடுக்கிறான். சாகும் தறுவாயில், தான் செய்த தருமத்தின் பலனையும் மாறுவேடத்தில் வந்தவனுக்குத் தன் குருதியால் தாரைவார்க்கிறான். பார்த்திருப்போர் அழுவது இங்கேதான். அவர்களுள் பெரும்பாலோர், உன் குலம் என்ன என்னும் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டு வாழ்ந்தவர்கள். நற்குணம் உயர்குடிப் பிறப்போடு கூடிவருவது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்துள்ளது. குலம் அற்றவன் என இகழப்பட்ட ஒருவன் எல்லா அரசரையும்விட நல்லவனாக விளங்குவதைக் காணும்போது அவர்கள் நெஞ்சில் எழுவது பக்தி மட்டுமன்று. தங்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று திரும்பக் கிடைத்தாற்போன்ற உணர்வு அது. 1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த ‘கர்ணன்’ திரைப்படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானபோது புதுப்படத்துக்கு நிகரான கூட்டத்தை ஈர்த்தது. ‘எந்திரன்’ வந்து இரண்டு ஆண்டுகூட நிறைவுறாத காலம் அது. இவ்விரண்டையும் வரவேற்றவர்கள் ஒரே மக்கள்தாம்.

ஆயினும் கர்ணன் கதையில் ஒரு சிக்கல் உள்ளது. இறுதியில் குந்தி வந்துவிடுகிறாள். அவன் தேரோட்டியின் மகன் அல்லன், சூரியன் அருளால் அரசகுலப் பெண்ணுக்குப் பிறந்தவன் என்பது வெளிப்படுகிறது. ‘அதனால்தான் இவ்வளவு நல்லவன்’ என்று கூறிவிடக் கதையிலேயே இடம் வைக்கப்பட்டிருக்கிறது. மதுரைவீரன் கதைப்பாடலும் இவ்வாறே. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் வளர்ந்து, வீரத்தால் தெய்வமானவனுக்குக் காசி அரசனின் மகன் என்னும் பிறப்பைப் பாடல் சூட்டிவிட்டது. 1956இல் வந்த திரைப்படமும் அதையே பின்பற்றியது. தாழ்ந்தோரிடம் காணப்படும் சிறப்பை உயர்ந்தோரின் வித்தாகக் கணக்கெழுதும் இப்பழக்கம் நம் கதைமரபில் ஆழ வேரூன்றியது. (யாத்திராகமத்தில் மோசேயின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் செல்வதை இங்கே நினைவுகூரலாம். அரண்மனையில் வளர்ந்தவன் அடிமைகளின் மகன் என்று அங்கே தெரியவருகிறது.) மக்கள் அழுவது குந்தி வருவதற்கு முன்னிருந்த கர்ணனுக்காகவே என்பது என் துணிபு. ஆனால் கதையின் அமைப்பு அவர்களுக்கு முழுத்துணையாக நிற்கவில்லை.

பிறப்பை மீறிய உறவுக்கு இவ்வூரிலேயே வேறொரு சான்று உண்டு. திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராஜன் பெயரால் ஒரு கோபுரம் நிற்கிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான்; மதுரைச் சுல்தானோடு நிகழ்ந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வரலாறு கூறுவது இது. தலபுராணமோ அவனைப் பிள்ளையில்லாத வள்ளலாகப் பேசுகிறது. சிவன் அடியார் வேடத்தில் வந்து இயலாத ஒன்றைக் கேட்கிறார். அரசனின் வாக்குத் தவறாதிருக்க இளைய அரசியே முன்வருகிறாள். அவள் தீண்டியவுடன் வந்தவர் குழந்தையாகிறார். அன்றுமுதல் இறைவன் அவனுக்கு மகன்முறை என்பது நம்பிக்கை. இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஊரின் ஆற்றுக்கு அண்ணாமலையார் எழுந்தருளி, அவ்வரசனுக்கு மகன் செய்யவேண்டிய கடனைச் செய்வதாக விழா நடைபெறுகிறது. அரசனின் வாக்குக்காக ஒரு பெண் தன்னைத் தரவேண்டியிருந்தது என்னும் உறுத்தல் எனக்கு இருப்பினும், பிறப்பினால் அமையாத மகன்மை ஒன்றை ஓர் ஊர் முழுவதும் கூடி ஆண்டுதோறும் கொண்டாடுவது சாதாரணச் செய்தியன்று. வயிற்றில் பிறவாதது எப்படி மகனாகும் என்று இவ்வூர் மக்களிடம் கேட்டுப் பயனில்லை.

இந்த மரபில் ஊறியவர்கள் முன்னே, எவர் வயிற்றிலும் பிறவாத ஒன்று வந்து நின்றால் என்ன ஆகும்? அறிவியல் புனைகதை செய்வது இதுவே. அங்கே நல்லவனுக்குப் பெற்றோர் இல்லை, குலம் இல்லை, ஊர் இல்லை. குந்தி ஒருத்தி வந்து நீ என் மகன் என்று சொல்லி நற்குணத்துக்குக் காரணம் காட்ட வழியில்லை. அதன் நன்மை அதன் செயல் மட்டுமே.

இவ்வகைக் கதைகளின் தொடக்கமாகப் பலரும் கருதும் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) இதைத் தெளிவாகக் காட்டுகிறது. விஞ்ஞானி ஒருவன் பிணங்களின் உறுப்புகளிலிருந்து ஓர் உருவத்தைப் படைத்து, அதன் விகாரத்தைக் கண்டு அஞ்சி ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அவ்வுருவம் ஒரு குடிசையின் அருகே ஒளிந்து வாழ்கிறது. பசிக்கு அவ்வீட்டாரின் உணவைத் திருடுகிறது. அவர்களே வறியவர் என்று கண்டவுடன் திருடுவதை நிறுத்திவிட்டுக் காட்டுக் கனிகளையும் கிழங்குகளையும் தேடிப்போகிறது. அதன்பின் இரவில் சென்று விறகு பொறுக்கி அவர்கள் வாசலில் வைக்கிறது. யாரும் கற்பிக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, கைம்மாறும் இல்லை. கண்பார்வையற்ற கிழவர் மட்டுமே அதனிடம் அன்பாய்ப் பேசுகிறார். பார்வையுள்ள மகன் வந்து தடியால் அடித்து விரட்டுகிறான். அது கொலைகாரனாவது அதற்குப் பிறகுதான். ஆதாமை நினைவூட்டித் தன்னைப் படைத்தவனிடம் அது வழக்காடும் பகுதியைப் படைப்பைப் பற்றிப் போதிக்கும் வகுப்புகளில் வாசிக்கச் செய்தால் பயன் உண்டு.

ரோபோ என்னும் சொல்லை உலகுக்கு அளித்த கரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ என்னும் செக் நாடகம் 1920இல் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு மேடையேறியது. அதில் இயந்திரமனிதர் கிளர்ந்தெழுந்து மானிடரை அழித்துவிடுகின்றனர். எஞ்சியவர் ஒரு முதியவர் மட்டுமே. இயந்திரமனிதரின் உருவாக்க இரகசியத்தை அறிய அவர் ஒரு பெண் உருவத்தை அறுத்துப் பார்க்க முற்படும்போது, அவளுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள் என்று ஆண் உருவம் முன்வருகிறது. சரி, அவனையே அறுக்கிறேன் என்றால் பெண் உருவம் குறுக்கே நிற்கிறது. முதியவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர்களை ஆதாம், ஏவாள் என்று அழைத்து அனுப்பிவைக்கிறார். அவர்கள் மனிதராகிவிட்டனர் என்பதற்கு நாடகாசிரியர் காட்டும் அடையாளம் அறிவன்று, பேச்சன்று, அழுகையும் அன்று. ஒருவருக்காக மற்றவர் தம்மை இழக்கத் துணிந்ததே அடையாளம்.

தமிழில் இத்தகைய நற்குணத்துக்கு முதலில் பரவலான அன்பைப் பெற்றுத்தந்தவர் சுஜாதா (1935-2008). பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய்ப் பணியாற்றிய அவர், ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதையை 1980களில் ஆனந்த விகடனில் எழுதினார். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், பிள்ளை பெறுவதற்கே அரசாங்க அனுமதி வேண்டிய ஓர் எதிர்கால இந்தியா அதன் களம். அங்கே நிலா என்னும் எளிய பெண்ணுக்குத் துணையாக நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது படிக்கிறது, சிந்திக்கிறது, கேலி பேசுகிறது, தனக்கு இடப்பட்ட வேலைக்கு மேலாகவும் அவளுக்காகக் கவலைப்படுகிறது. கதையின் மனிதப் பாத்திரங்களைவிட வாசகர் நேசித்தது அதனையே. மீண்டும் அதை வரவழைத்து ‘மீண்டும் ஜீனோ’ என்றே ஒரு தொடர் எழுதவேண்டியதாயிற்று.

நாயை ஆசிரியர் தேர்ந்ததை வெறும் விளையாட்டு என்று நான் கருதவில்லை. நம் பண்பாட்டில் நாய் இழிவின் சின்னம், வசைச்சொல். அதே வேளையில், இம்மலையடியில் திருவெம்பாவை பாடியதாக மரபு கூறும் மாணிக்கவாசகர், இறைவன் முன் தம்மை நாய் என்று தாழ்த்திக்கொள்வதைத் திருவாசகத்தில் காண்கிறோம். அதனை 1900இல் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் இவ்வழக்கைக் கண்டு எவ்வளவு சிந்தித்திருப்பார்! பாரதத்தின் முடிவில் தருமனைக் கடைசிவரை தொடர்ந்து செல்வதும் ஒரு நாயே. மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் கானானியப் பெண் அந்த இழிசொல்லையே எடுத்துத் தன் விசுவாசத்தின் மொழியாக்கிக்கொள்வதை நாம் அறிவோம். ஆக, கடைநிலைக்கும் கடைநிலையாக, பிறக்கவும் பிறவாத ஒரு நாயிடம் நற்குணத்தை வைத்துக் காட்டினார் சுஜாதா. அழகான முகம் இல்லை, நட்சத்திர நடிகர் இல்லை, குலம் இல்லை; அப்படியும் வாசகர் அதை மதித்தனர். நம் வினாவுக்கு ‘எந்திர’னைவிடத் தூய சான்று ஜீனோவே. சிட்டிக்கு ரஜினிகாந்தின் முகம் இருக்கிறது. பின்வாசல் வழியாகக் குலப்பெருமை ஒன்று நுழைந்துவிட்டது என்று கூறுவோர்க்கு மறுப்பு உரைப்பது எளிதன்று.

இனி, செய்யப்பட்ட ஒன்றிடம் நன்மை எங்கிருந்து வரும் என்னும் கேள்வி எழுகிறது. செய்தவன் விதித்தபடி நடப்பதுதானே அது? தமிழில் ஒரு விந்தை உண்டு. இலக்கிய மாணவருக்குக் ‘கற்பனை’ என்றால் இல்லாததைப் புனைந்து காணும் ஆற்றல். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலோ கற்பனை என்பது கட்டளை. சீனாய் மலையில் கொடுக்கப்பட்டவை பத்துக் கற்பனைகள். இயந்திரமனிதரைப் பற்றிய கதைகள் இவ்விரு பொருளுக்கும் நடுவே நிற்கின்றன. ஐசக் அசிமோவ் 1942இல் தம் சிறுகதை ஒன்றில் இயந்திரமனிதருக்கு மூன்று விதிகளை வகுத்தார்: மானிடருக்குத் தீங்கு செய்யாமை, ஆணைக்குக் கீழ்ப்படிதல், தன்னைக் காத்தல், இவை இவ்வரிசையில். பின்பு 1946இல் எழுதிய வேறொரு கதையில், இவ்விதிகளைத் தவறாது கைக்கொள்ளும் ஒருவன் இயந்திரமாகவும் இருக்கலாம், மிக நல்ல மனிதனாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பிரித்தறிய இயலாது என்னும் சிக்கலை வைத்தார். பரிசேயரைப் பற்றி அறிந்த நமக்கு இது புதிய சிக்கலன்று.

‘எந்திரன்’ இச்சிக்கலை ஒரு காட்சியில் மிகக் கடுமையாகத் தொடுகிறது. இராணுவத்துக்கென உருவாக்கப்பட்ட சிட்டியை ஆய்வுக்குழுவின் முன் சோதிக்கும் பேராசிரியர் போரா, வசீகரனையே குத்தும்படி கட்டளையிடுகிறார். அது தயங்காமல் கத்தியை ஓங்குகிறது. நன்மை தீமை அறியாதது என்று தள்ளப்படுகிறது. பின்னர் ஓர் அடுக்குக் குடியிருப்பில் தீப்பற்றியபோது, மக்களைக் காப்பாற்றும்படி வசீகரன் அதனை ஏவுகிறான். பலரைத் தூக்கி வந்து சேர்க்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கி வந்து, ஊரும் தொலைக்காட்சிக் கருவிகளும் பார்த்திருக்க நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறது. நாணம் தாளாது ஓடிய அப்பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள்.

கட்டளை பிழையின்றி நிறைவேறியது, அயலாள் அழிந்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை எந்த இறையியல் நூலும் சொல்லிவிட முடியாது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் சமாரியனை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவனும் பிறப்பினால் இகழப்பட்டவன். கேட்போர் வெறுக்கும் குலத்தானை அவர்களே மதிக்கும்படி செய்கிறது அவ்வுவமை. ஆனால் அவன் காயம்பட்டவனை வழியிலிருந்து எடுத்துச் செல்வதோடு நிற்கவில்லை. காயம் கட்டுகிறான், எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், சத்திரத்தில் சேர்க்கிறான், மறுநாளின் செலவையும் எண்ணிப் பார்க்கிறான். மற்றவனின் நிலையில் நின்று பார்க்கும் உள்ளம் அது. சிட்டிக்கு அன்று இல்லாதது அதுவே. பார்வையாளர் இக்காட்சியில் சிட்டியை வெறுப்பதும் இல்லை, மதிப்பதும் இல்லை. ஏவப்பட்டதைச் செய்தது என்ற அளவில் நின்றுவிடுகின்றனர்.

மதிப்புக்குரிய சிட்டி அதன்பின்தான் தோன்றுகிறது. உணர்ச்சிகள் ஊட்டப்பட்டபின் அது குழந்தைப்பேற்றுக்கு உதவுகிறது, பூக்களைப் பார்க்கிறது, காதலிக்கிறது, ஒரு கொசுவை ஊரெல்லாம் துரத்திப் பிடிக்கிறது. (படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இக்கொசு வேட்டைதான், அறிவாளிகள் சிரிக்கட்டும்.) இராணுவ அதிகாரிகளின் முன் போரைப் பேசாமல் அன்பைப் பேசியதற்காக, படைத்தவனே அதைக் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிகிறான். இதற்குப் பின்னர் போரா பொருத்தும் சிவப்புச் சில்லினால் அது கொடியதாகிறது. இவ்விடத்தில் கதை தன் துணிவை இழந்துவிட்டது என்பேன். தீமை என்பது வெளியிலிருந்து பொருத்தப்பட்டு, வெளியே எடுக்கப்படக்கூடிய ஓர் உறுப்பு என்று ஆகிவிட்டது. உரோமர் 7ஆம் அதிகாரத்தின் மனிதன் தன் போராட்டத்தை இவ்வளவு எளிதில் கழற்றி வைத்துவிட முடியவில்லை. சில்லு வருமுன்பே பிறர்க்குரியவளை விரும்பவும், ஆணையை மீறவும் சிட்டிக்கு இயன்றது. அந்தச் சுயாதீனத்திலிருந்தே அதன் தீமையும் பிறந்திருந்தால், அதன் இறுதி நன்மைக்கு இன்னும் எடை கூடியிருக்கும்.

இருந்தும் இறுதிக் காட்சி நிலைத்து நிற்கிறது. சில்லு நீக்கப்பட்ட சிட்டி நீதிமன்றத்தில் சாட்சியாகிறது. நடந்தவற்றின் பதிவைக் காட்டி வசீகரன் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கிறது. தண்டனை அதன்மேல் விழுகிறது. வசீகரன் அழுது நிற்க, சிட்டி ஒவ்வொருவரிடமும் விடைபெற்றவாறே தன் உறுப்புகளை ஒன்றொன்றாகக் கழற்றிவைக்கிறது. மறுக்கும் வலிமை அதற்கு இருந்தது. நகரத்தையே கலக்கிய வலிமை அது என்பதைச் சற்றுமுன் பார்த்தோம். கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்த கர்ணனைக் கண்டு பழகிய கண்களுக்கு இக்காட்சி அந்நியமாக இருக்கவில்லை. கூத்துக்களத்தில் அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் திரையரங்கில் மௌனமானதற்குக் காரணம் இதுவே என எண்ணுகிறேன். ஆனால் இங்கே குந்தி வரவில்லை. இகழப்பட்டது, வெட்டி எறியப்பட்டது, பெற்றோர் இல்லாதது என்ற நிலையிலேயே அது நல்லதாக முடிந்தது.

இக்காட்சியைக் கண்டவுடன் பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்து, தம்மை வெறுமையாக்கியவரின் சாயல் இது என்று பிரசங்கம் செய்ய முன்வருவோர் இருப்பர். அவசரம் வேண்டா. சிட்டியின் கைகளில் குருதி உண்டு. அது குற்றமற்றதாக மடியவில்லை. குற்றத்தை ஏற்று மடிகிறது. எங்கெல்லாம் ஒருவன் தன்னை இழக்கிறானோ அங்கெல்லாம் கிறிஸ்துவின் உருவை ஒட்டிவிடும் பழக்கம், கதைக்கும் நீதி செய்வதில்லை, சிலுவைக்கும் நீதி செய்வதில்லை. நமக்கு இக்கதைகள் வைக்கும் கேள்வி வேறு. அது நம் வீட்டுக்கு மிக அருகில் உள்ளது. ஒருவரின் நற்குணத்தை மதிப்பதற்குமுன் அவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அறிந்துகொள்ள விரும்புகிறோமா இல்லையா? ஞானஸ்நானம் பெற்றவர்களின் கல்லறைத் தோட்டங்களே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அத்தகைய ஊரின் சபையார் திரையரங்கில் அமர்ந்து, பிறப்பே இல்லாத ஒன்றுக்காகக் கண்கலங்கிவிட்டு வீடு திரும்புகின்றனர். இயந்திரத்துக்கு எளிதில் தரும் மதிப்பை அடுத்த தெருவானுக்குத் தருவது ஏன் கடினமாகிறது? இயந்திரத்தோடு சம்பந்தம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்பது ஒரு விடை. கசப்பான விடைதான், ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு இந்த மதிப்பை முழுவதும் புகழ்ந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

2018இல் வந்த ‘2.0’ இவ்வகையில் பின்னடைவே. பறவைகளுக்காக வாழ்ந்து, ஒருவரும் செவிகொடாமையால் கைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு மாண்ட பட்சிராஜன் என்னும் முதியவரிடமே பார்வையாளரின் மதிப்பு சென்றது. படமோ அவரை வெல்லப்படவேண்டிய பகையாக்கி, வென்ற இயந்திரத்துக்குக் கைதட்டச் சொன்னது. எவரை மதிப்பது என்பதில் படத்தைவிட மக்கள் தெளிவாக இருந்தனர்.

‘எந்திர’னின் முடிவுரையாக 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகம் ஒன்று காட்டப்படுகிறது. பிரிக்கப்பட்ட சிட்டி அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது; பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கின்றனர்; உன்னை ஏன் பிரித்தார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருள்பட அது விடையளிக்கிறது. அரங்கம் அந்த விடையை மிகவும் ரசித்தது. தீயிலிருந்து தூக்கிவரப்பட்டுத் தெருவில் மாண்ட பெண்ணைப் பற்றி அச்சிறுமி கேட்கவில்லை. கதையும் அவளை அந்தக் காட்சிக்குப் பின் நினைக்கவில்லை. இயந்திரத்துக்கு உணர்ச்சி ஊட்டவேண்டும் என்று வசீகரன் முடிவெடுப்பதற்கு அவளுடைய சாவு தேவைப்பட்டது, அவ்வளவே.